மைதானத்து சாவி யார் கையில?

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வெச்சுக்கிட்டு நிதானமா படிங்க. படிச்சுட்டு சும்மா லைக் போட்டுட்டு போயிடாதீங்க, கடைசியில ஒரு வேலையும் இருக்கு.

தேர்தல் வந்தா எல்லா மாவட்டத்திலும் ஒரு வாக்குறுதி கண்டிப்பா இருக்கும்: "இளைஞர்களுக்கு நவீன விளையாட்டு அரங்கம்." அடிக்கல், ரிப்பன், கல்வெட்டு, போட்டோ எல்லாம் நடக்கும். ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. கட்டி முடித்த பிறகு அந்த கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்? யாருக்காகத் திறக்கும்? சாவி யார்கிட்ட இருக்கும்?

இதைப் புரிஞ்சுக்க சென்னை நேரு ஸ்டேடியத்தை எடுத்துக்கலாம். தமிழ்நாட்டின் பெரிய கால்பந்து மைதானம் அதுதான். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், பெரியமேட்டில் இருக்கு. சென்னையில் ட்ரெயின் இறங்கின நம்ம ஊர் ஆட்கள் பல பேர் அதன் விளக்குக் கம்பங்களைப் பார்த்திருப்பாங்க. உள்ளே போனவங்க எத்தனை பேர்?

🔹 ஒரே மைதானம், பல வேஷம்

அந்த இடத்தின் பழைய பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். மாநகராட்சியின் மைதானம். இன்னைக்கு கால்பந்து அரங்கமா தெரியுற அந்த இடம் ஒரு காலத்தில் கிரிக்கெட்டுக்குப் பேர் போனது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரா வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனையை 2008 வரை, அதாவது 52 வருஷம், யாராலும் உடைக்க முடியவில்லை. 1956-லிருந்து 1965 வரை 9 டெஸ்ட் போட்டிகள் இங்கே நடந்தன. 1967-ல் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிப் போயிடுச்சு.

பிறகு 1990-களின் தொடக்கத்தில் அந்த அரங்கம் முழுசா புதுசா கட்டப்பட்டது. 1993-ல் நேரு கோப்பை சர்வதேச கால்பந்துப் போட்டி இங்கே நடந்து, வட கொரியா கோப்பையைத் தூக்கியது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. ஓடுதளம், கால்பந்துத் திடல், பக்கத்திலேயே உள்விளையாட்டு அரங்கம் என்று முழு வளாகமாக மாறியது.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கினதும் சென்னையின் எஃப்.சி. அணிக்கு இதுவே சொந்த மைதானம். 2015-லும் 2017-18 சீசனிலும் அந்த அணி சாம்பியன். 2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கா? ஊரே தண்ணீரில் நின்றபோது சென்னையின் அணி தன் அரையிறுதியின் சொந்த ஆட்டத்தைப் புனேவில் போய் ஆட வேண்டி வந்தது. சொந்த மண்ணில் ரசிகர் முன்னாடி ஆட முடியாமலேயே இறுதிப் போட்டிக்குப் போய் கோப்பையோடு திரும்பினாங்க.

இதெல்லாம் பெருமைதான், மறுப்பே இல்லை. இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2023-24, 2024-25 ஐ.எஸ்.எல். சீசன்களில் ஒரு அணி தன் சொந்த மைதானத்தில் ஆடியது 11 அல்லது 12 லீக் ஆட்டங்கள். மாநில அளவு தடகளம், பள்ளிப் போட்டி, அரசு விழா எல்லாம் சேர்த்துத் தாராளமா இன்னும் 50 நாள் வைங்க. வருஷத்தில் மீதி 300 நாள் அந்தப் புல்தரை எதுக்கு?

ஒரு அரங்கத்தை அளக்க வேண்டியது அந்த 300 நாளை வெச்சுத்தான். டிவியில வர்ற 12 நாளை வெச்சு அளந்தா எல்லா அரங்கமும் நல்ல அரங்கமாத்தான் தெரியும்.

🔹 சாவி இருக்குறவர் வைத்ததே சட்டம்

"விளையாட்டுல அரசியலைக் கொண்டுவராதீங்க" என்று சொல்றவங்களுக்கு இதே நேரு ஸ்டேடியமே பதில் சொல்லும். 2012-ல் இலங்கையிலிருந்து வந்த ஒரு பள்ளி அணி அங்கே ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. அனுமதி கொடுத்த அரங்க அதிகாரியை அரசு சஸ்பெண்ட் செய்தது. அடுத்த வருஷம் சென்னையில் நடக்க வேண்டிய ஆசிய தடகளப் போட்டியில் இலங்கை வீரர்கள் பங்கேற்கக் கூடாது என்று மாநில அரசு உறுதியாக நின்றது. போட்டி புனேவுக்கு மாற்றப்பட்டது. ஈழத்தில் நம் மக்களுக்கு நடந்த கொடுமையின் வலியிலிருந்து வந்த முடிவு அது. அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதம் வேற பதிவுக்கு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு மைதானத்தில் யார் கால் வைக்கலாம் என்பதை முடிவு செய்வது அரசு. அப்படின்னா அது அரசியல் கேள்வி. நாமும் கேட்கலாம், கேட்கணும்.

டெல்லியில் 2022 மே மாதம் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். தியாகராஜ் ஸ்டேடியத்தில் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்த வீரர்களையும் பயிற்சியாளர்களையும் சாயங்காலம் 7 மணிக்கெல்லாம் வெளியே அனுப்பிடுறாங்க என்று செய்தி வந்தது. காரணம், ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் நாயோடு அங்கே வாக்கிங் போகணுமாம். போட்டோவோட செய்தி வந்து நாடே கொந்தளிச்ச பிறகு, அந்த அதிகாரி லடாக்குக்கு மாற்றப்பட்டார். டெல்லி அரசு தன் எல்லா அரங்கங்களையும் இரவு 10 மணி வரை திறந்து வைக்க உத்தரவு போட்டது.

யோசிச்சுப் பாருங்க. அந்த 10 மணி உத்தரவுக்கு ஒரு செங்கல் கூட புதுசா வாங்கத் தேவைப்படலை. ஒரே ஒரு காகிதம். அந்தக் காகிதம் முன்னாடியே இருந்திருந்தா எத்தனை பிள்ளைங்க கூடுதலா மூணு மணி நேரம் பயிற்சி எடுத்திருப்பாங்க?

நமக்குப் பக்கத்து ஊர் பெங்களூரு. தருமபுரி பசங்களுக்கு சென்னையை விட அதுதான் கிட்ட. அங்கே கன்டீரவா ஸ்டேடியத்தில் இன்னொரு மாதிரிச் சண்டை. பெங்களூரு எஃப்.சி. ஆட்டங்கள் நடக்குற நாட்களில் ஓட்டப்பந்தய வீரர்களுக்குப் பயிற்சி இடம் இல்லை. கால்பந்தா, தடகளமா என்று கோர்ட்டு வரைக்கும் போச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா யாருக்கு எந்த நேரம் என்று எழுதி, ஒட்டி வெச்சிருந்தா பாதி சண்டை குறைஞ்சிருக்கும்.

🔹 கிளப் போகும், மைதானம் இருக்கும்

கோவைக்கு வருவோம். அங்கேயும் ஒரு நேரு ஸ்டேடியம். 2018-19 ஐ-லீக் சீசனில் சென்னை சிட்டி எஃப்.சி. அதைத்தான் சொந்த மைதானமா வெச்சு ஆடியது. பேர்ல சென்னை, ஆடினது கோவை! 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயிச்சு ஐ-லீக் சாம்பியன் ஆனது. அந்த அணியின் பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் வந்து பங்கு வாங்கியது. கோவை முழுக்க கால்பந்து பேச்சு.

2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியைக் காணோம்.

கிளப்பைக் குறை சொல்ல இதைச் சொல்லலை. தனியார் கிளப் வரும், காசு இருக்குற வரைக்கும் ஆடும், இல்லைன்னா போயிடும். அது வியாபாரம். ஆனா மக்கள் பணத்தில் நிற்குற மைதானம் எங்கேயும் போகாது. அதனால ஒரு பெரிய கிளப் வரும், அதுக்குப் பிறகு நம்ம ஊர் வளரும் என்று காத்திருக்கிறது வேலைக்கு ஆகாது.

அப்போ எது வேலைக்கு ஆகும்? கடலூரைப் பாருங்க. ஐ.எஸ்.எல். அணி இல்லாத ஊர். ஆனா இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணியின் சட்டையைப் போட்ட பெண்கள் அந்த மாவட்டத்திலிருந்து வந்தாங்க. சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படிச்ச பொண்ணு. ஒரு பயிற்சியாளர், ஒரு மைதானம், தினமும் தவறாத பயிற்சி. அவ்வளவுதான் அந்த ஊரின் ரகசியம். தமிழ்நாடு மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது. 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை ஜெயிச்சது. இந்த வெற்றியெல்லாம் 40,000 பேர் உட்காரும் கேலரியால வரலை. காலையில 6 மணிக்குத் திறந்த கேட்டால வந்தது.

🔹 சரி, தருமபுரிக்கு இது எதுக்கு?

1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிஞ்ச மாவட்டம் நம்முடையது. 2004-ல் கிருஷ்ணகிரி தனியாப் போச்சு. 2011 கணக்கெடுப்பில் நம்ம மக்கள் தொகை 15 லட்சம். எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். படிச்சு முடிச்சதும் பாதிப் பேர் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் பஸ் ஏறுறோம். இது நமக்குத் தெரிஞ்ச கதை.

இந்த நிலைமையில் மைதானம் வெறும் பொழுதுபோக்கு இடமில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். நான் கலந்தாய்வுக்குப் போனப்ப அந்த வரிசையைப் பார்த்திருக்கேன். அதில் நிற்கணும்னா கையில் மாநில, தேசிய அளவு சர்டிபிகேட் வேணும். சர்டிபிகேட் வேணும்னா மாவட்ட அணியில் இடம் வேணும். அதுக்குத் தினமும் ஆடணும். ஆட இடம் வேணும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, சாயங்காலம் 5 மணிக்குத் திறந்திருக்குற ஒரு கேட். அது பூட்டியிருந்தா மீதி எல்லாம் காகிதத்தில் மட்டும்தான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க நம்ம மாவட்டத்தில் எவ்வளவு போராட வேண்டியிருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். மாவட்ட அணியில் ஆடுற பொண்ணு, அடுத்த மாசம் போட்டி இருக்குன்னு வீட்டில் சொல்ல முடியும். அவளைத் தேடி ஒரு பயிற்சியாளர் வருவார், கூட ஆடுற பத்துப் பேர் வருவாங்க. "அவளுக்கு என்ன அவசரம்" என்று கேட்க நாலு பேர் இருப்பாங்க.

தருமபுரியில் மாவட்ட விளையாட்டு அரங்கம் இருக்கு. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டு அரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று மாநில அரசு திட்டமும் அறிவிச்சிருக்கு. நமக்கு 5 தொகுதி: தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். கட்டடம் வரட்டும், வரவேற்போம். அதோட சேர்த்து நேர அட்டவணையும் வரணும்.

🔹 கொஞ்சம் இன்ஜினியரிங் கணக்கு

படிச்ச படிப்பை இங்கேயாவது பயன்படுத்துவோம்.

முழு அளவு கால்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒண்ணே முக்கால் ஏக்கர். அதில் ஒரு முழு ஆட்டம் நடந்தா உள்ளே 22 பேர். அதே திடலைக் குறுக்கே நாலா பிரிச்சு, ஆளுக்கு 7 பேர் கொண்ட சின்ன ஆட்டம் வெச்சா, ஒரே நேரத்தில் 56 பிள்ளைகள். சாயங்காலம் 5 முதல் 8 வரை மணிக்கு ஒரு குழு என்று விட்டா ஒரு நாளைக்கு 168 பிள்ளைகள். தேவை நாலு செட் சின்ன கோல்போஸ்ட், சுண்ணாம்புக் கோடு, விளக்கு. கேலரியே வேண்டாம்.

அடுத்து தண்ணீர். இது நம்ம மாவட்டத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. வெயில் காலத்தில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வெச்சா, 7,140 சதுர மீட்டருக்கு 35,700 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூணு லோடு, தினமும்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக எத்தனை வருஷம் போராடின மாவட்டம் இது. புளோரைடு கலந்த தண்ணியைக் குடிச்சுப் பல்லும் எலும்பும் போன ஜனங்க இருக்குற ஊரில், குடிநீரைப் புல்லுக்கு ஊத்துறது நியாயமே இல்லை. அதுக்கு வழி இருக்கு. நகராட்சிக் கழிவுநீரைச் சுத்திகரிச்சுத் திடலுக்குக் கொண்டுவரலாம். மழைநீரைத் தேக்க மைதானத்துக்கு அடியில் தொட்டி கட்டலாம். செயற்கைப் புல் போடலாம், ஆனா நம்ம மே மாத வெயிலில் அது கொதிக்கும், மதியம் கால் வைக்க முடியாது. எதுவும் வேண்டாம்னா நல்லா உருட்டி, தண்ணி வடியற மாதிரி சரிவு கொடுத்த செம்மண் திடலே போதும். சின்னப் பிள்ளைகள் பயிற்சிக்கு அது தாராளம்.

"முதல்ல குடிநீர், ரோடு, ஆஸ்பத்திரி. அப்புறம் ஸ்டேடியம்" என்று கமெண்டில் வருவாங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் நான் புது ஸ்டேடியம் கேட்கலை. இருக்குறதைத் திறந்து வைங்கன்னு கேட்கிறேன். அதுக்கு ஆகும் செலவு ஒரு காவலர் சம்பளம், கரண்ட் பில், ஒரு பயிற்சியாளர். கழிவறையில் தண்ணி வரணும், பெண் பிள்ளைகள் உடை மாத்த பூட்டுப் போடக்கூடிய ஒரு அறை வேணும். ஒரு ரோடு காண்ட்ராக்டில் மிச்சமாகும் காசு.

"பராமரிப்புக்குக் காசு வேணும், அதனால வாடகைக்கு விடுறோம்" என்பது இன்னொரு வாதம். விடுங்க, தப்பில்லை. ஆனா கண்காட்சிக்கும் கச்சேரிக்கும் விட்டா, லாரி ஏறிய இடத்தையும் பந்தல் குழியையும் யார் மூடுறது, எத்தனை நாளில் மூடுறது என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதணும். முன்பணத்தைப் பிடிச்சு வைக்கணும். கல்யாண மண்டபத்துக்கே அந்த விதி இருக்கு. மைதானத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

🔹 நாம் கேட்பது

1. மாவட்ட அரங்கமும் தொகுதி அரங்கங்களும் காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 9 வரை திறந்திருக்கணும். அட்டவணையை கேட்டிலேயே பெயின்ட்டில் எழுதி வைக்கணும். வாரத்தில் ஒரு நாள் திடலுக்கு ஓய்வு.

2. 18 வயதுக்குக் கீழே கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நேரம். பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் குறைந்தது மூணு மாலை.

3. சித்தேரி மலை, வத்தல்மலைப் பிள்ளைகளால் தினமும் தருமபுரி வந்து போக முடியாது. அதனால அரசுப் பள்ளி மைதானங்களைப் பள்ளி நேரம் முடிஞ்ச பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் அந்தந்த ஊர் பிள்ளைகளுக்குத் திறந்து விடணும்.

4. யாருக்கு, எந்தத் தேதியில், என்ன வாடகைக்கு மைதானம் கொடுக்கப்பட்டது என்பதை மாசா மாசம் அறிவிப்புப் பலகையில் ஒட்டணும்.

5. விளையாட்டுத் திடலில் அரசியல் பொதுக்கூட்டம் வேண்டாம். எந்தக் கட்சிக்கும் வேண்டாம், நம்ம கட்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஐந்தாவது கோரிக்கையைப் படிச்சுட்டுச் சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். கூட்டம் போட ஊரில் வேற இடம் இருக்கு. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் காலி இடம் இருக்கு, அறுவடை முடிஞ்ச வயல் இருக்கு, தனியார் திடல் இருக்கு. ஒரு ராத்திரி மாநாட்டுக்கு ஆயிரம் குழி தோண்டி, மறுநாள் காலையில் பந்தைத் தூக்கிட்டு வர்ற 12 வயசுப் பையன் கணுக்கால் பிசகினா, அவன் நமக்கு எதுக்கு ஓட்டுப் போடணும்? நாம முதல்ல கையெழுத்துப் போட்டா, மத்த கட்சிகளைப் பார்த்து "நீங்க எப்போ?" என்று கேட்கும் தகுதி நமக்கு வரும். இதைக் கட்சித் தலைமையின் பார்வைக்கும் வைக்கிறோம்.

🔹 இப்ப உங்க வேலை

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில், "எங்க ஊர் பள்ளி மைதானத்தை மாலையில் திறக்கணும்" என்று ஒரு தீர்மானம் கொண்டு வாங்க. தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிடுங்க. சாவிக்கு யார் பொறுப்பு, கண்ணாடி உடைஞ்சா யார் பொறுப்பு என்று அவர் கேட்பார். கேட்க வேண்டியவர்தான். ஊரில் மூணு பேர் பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

நகரத்துத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்துக்கு மனு போடுங்க. மூணே கேள்வி: போன வருஷம் மைதானம் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? வேற நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்தது எத்தனை நாள்? கால்பந்துப் பயிற்சியாளர் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை? 30 நாளில் பதில் வரணும். வந்த பதிலை இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்க. நல்ல பதில் வந்தா அதையும் அப்படியே போடுவோம், அந்த அலுவலருக்கு நன்றியும் சொல்லுவோம்.

திட்ட வேண்டாம், மீம் போட வேண்டாம். கையில் எண்களோடு போய் நிற்போம்.

உங்க ஊர் மைதானம் சாயங்காலம் 6 மணிக்குத் திறந்திருக்கா, பூட்டியிருக்கா? ஊர் பேரோட கமெண்டில் ஒரே வார்த்தையில் சொல்லுங்க. பட்டியலை நாங்க தொகுக்கிறோம்.

#மைதானத்தைத்திற #தருமபுரி #விளையாட்டுஉரிமை